சிம் சுவிட்ச் "ஓன்" என்கிறது, எஞ்சின் குளிர்ந்தே கிடக்கிறது

தொழில்நுட்பக் கேள்வி – பதில்

தொலைபேசி வலையமைப்பின் வழியாக இயங்கும் சுவிட்ச்கள் பற்றி மலையக வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்கள் இம்முறை ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன. முதற் கடிதத்தில் வரும் எஞ்சின் அமெரிக்காவில் இருந்தாலும், அதற்கான விடையின் பெரும்பகுதி நமது தோட்டத்துத் தண்ணீர் மோட்டாருக்கும் பொருந்தும். ஆகவே அதற்கு அதிக இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.

கேள்வி: ஐயா, நான் ஹட்டனில் கையடக்கத் தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். என் அக்காவின் மகன் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வேலை செய்கிறார். அவர் நண்பர்களுடன் சேர்ந்து பழைய செஸ்னா 172 விமானமொன்றை வாங்கி, நகருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் நிறுத்தி வைத்திருக்கிறார். குளிர்காலத்தில் பறப்பதென்றால் முதல்நாள் இரவே எஞ்சினைச் சூடாக்க வேண்டுமாம். அதற்காக, சிம் போட்ட பெட்டியொன்றுக்கு வீட்டிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பி ஹீட்டரைப் போடுகிறார். இந்தக் குளிர்காலத்தில், "ஓன்" என்று பதில் வந்த பிறகும் காலையில் போய்ப் பார்த்தால் எஞ்சின் குளிர்ந்தே கிடக்கிறது. வேறு சில நாட்களில் பதிலே வருவதில்லை. "மாமா, உங்களுக்குத்தானே இதெல்லாம் தெரியும், எங்கே தொடங்கிப் பார்ப்பது?" என்று கேட்கிறார். விமான எஞ்சினை ஏன் சூடாக்க வேண்டும் என்பதே எனக்கு விளங்கவில்லை. 2022ஆம் ஆண்டில் அடியோடு நின்றுபோன இன்னொரு பழைய பெட்டியை எனக்கு அனுப்பி வைப்பதாகவும் சொல்கிறார். அதை இங்கே பயன்படுத்தலாமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: சூடாக்குவதன் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எங்கே எவ்வளவு சூடு சேர வேண்டும் என்பது தெரியாமல் பழுது பார்க்க இயலாது. செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களின் எஞ்சின் காற்றால் குளிர்விக்கப்படுவது. அதன் வெளிக்கூடு அலுமினியத்தாலும், உள்ளே சுழலும் கிராங்க் ஷாப்ட் உருக்காலும் ஆனவை. வெப்பநிலை மாறும்போது அலுமினியம் உருக்கைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும், அதேபோலச் சுருங்கும். ஆகவே கடுங்குளிரில் கூடு அதிகமாகச் சுருங்கி, பேரிங்குக்கும் ஷாப்டுக்கும் இடையே ஒயில் நிற்க வேண்டிய நூலளவு இடைவெளி மேலும் குறைந்துவிடுகிறது. அதே வேளையில் ஒயிலும் கெட்டியாகி, பம்ப் இழுத்தாலும் பேரிங்குகளுக்கு நேரத்தில் போய்ச் சேருவதில்லை. அந்த நிலையில் எஞ்சினை இயக்கினால், உலோகத்தோடு உலோகம் உரசும் சில நொடிகளில் ஏற்படும் தேய்மானம் பல மணிநேரப் பறப்பில் ஏற்படுவதைவிட அதிகமாக இருக்கலாம். லைகோமிங் நிறுவனம் தனது பெரும்பாலான எஞ்சின்களுக்கு மறை 12 பாகை செல்சியஸுக்குக் கீழும், கொன்டினென்டல் நிறுவனம் மறை 7 பாகைக்குக் கீழே எஞ்சின் சில மணிநேரம் நின்றிருந்தாலும் முன்கூட்டியே சூடாக்கச் சொல்கின்றன. மினசோட்டாவின் குளிர்கால இரவுகளில் மறை 20 பாகை என்பது அதிசயமல்ல.

இனிப் பழுதுக்கு வருவோம். உங்கள் மருமகன் இரண்டு வெவ்வேறு கோளாறுகளை ஒன்றாகச் சொல்லியிருக்கிறார். பதில் வந்தும் சூடேறாதது ஒன்று, பதிலே வராதது மற்றொன்று. இவற்றுக்கு ஒரே காரணம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் தேடும் திசை வேறு வேறு.

"ஓன்" என்ற பதிலுக்குப் பலர் கொடுக்கும் மதிப்பு அதிகம் என்பது என் கருத்து. சாதாரணப் பெட்டியொன்றில் உள்ள சிறு கணினி, மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சான ரிலேயின் சுருளுக்கு மின்னோட்டம் கொடுக்குமாறு தான் கட்டளையிட்டுவிட்டதை மட்டுமே அந்தப் பதிலால் அறிவிக்கிறது. ரிலேயின் தொடுமுனைகள் உண்மையில் சேர்ந்தனவா, அதற்கப்பால் பிளக்கில் மின்சாரம் இருந்ததா, ஹீட்டர் கம்பி அறுந்திருந்ததா, காலைவரை அந்த நிலை நீடித்ததா என்ற நான்கில் ஒன்றைப் பற்றியும் அதற்குத் தெரியாது. ஆகவே முதற் கோளாறுக்குத் தொலைபேசிப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, ஹீட்டரிலிருந்து பின்னோக்கி வர வேண்டும்.

பெட்டியிலிருந்து ஹீட்டரின் பிளக்கைக் கழற்றி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மல்டிமீட்டரால் பிளக்கின் இரு முனைகளுக்கிடையே தடையை அளக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் 50 வாட் வீதம் நான்கு ஹீட்டர்களும், ஒயில் தொட்டியின் அடியில் 250 வாட் தகடு ஒன்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 120 வோல்ட்டை 120 ஆல் பெருக்கி, 450 வாட்டால் வகுத்தால் 32 ஓம் வரும். அவ்வளவு காட்டினால் ஹீட்டர்கள் யாவும் நலம். 36 ஓம் காட்டினால் ஒரு சிலிண்டர் ஹீட்டர் அறுந்திருக்கிறது. 72 ஓம் என்றால் அடித்தகடு போய்விட்டது, சிலிண்டர்கள் மட்டும் சூடாகின்றன. 58 ஓம் அளவில் இருந்தால் தகடு மட்டும் வேலை செய்கிறது, சிலிண்டர்களுக்குப் போகும் பொது வயர் எங்கோ விட்டிருக்கிறது. அவருடைய ஹீட்டர்களில் எழுதியிருக்கும் வாட் அளவுகள் வேறாக இருக்கலாம். அவற்றை வைத்து இதே கணக்கைப் போட வேண்டும். சில தொகுதிகளில், குறித்த வெப்பநிலைக்கு மேல் சுற்றைத் துண்டிக்கும் தேர்மோஸ்டாட் இருப்பதால்தான் குளிர்ந்த நிலையில் அளக்கச் சொன்னேன். எஞ்சின் கூண்டுக்குள் வயர்கள் ஓயாத அதிர்வுக்கு உள்ளாகின்றன. ஹீட்டரின் கம்பி அறுவதைவிட, அதன் அடியில் வயர் சேரும் இடம் முறிவதே அதிகம்.

ஹீட்டர் நலமாக இருந்தால், அடுத்தது சுவரிலுள்ள சொக்கட். அங்கே கொட்டகைகளில் நிலக்கசிவைக் கண்டால் துண்டிக்கும் பாதுகாப்பு, நமது ட்ரிப் சுவிட்ச் செய்யும் அதே வேலையை, பெரும்பாலும் சொக்கட்டுக்குள்ளேயே செய்கிறது. நனைந்த நீட்டிப்பு வயர் ஒன்று போதும், நள்ளிரவில் அது விழுந்துவிடும். பெட்டிக்கும் ஹீட்டருக்கும் தனித்தனிச் சொக்கட் இருந்து, விழுந்தது ஹீட்டரின் சொக்கட் மட்டுமாயின், பெட்டி உயிரோடு இருந்து "ஓன்" என்று சொல்லிக்கொண்டேயிருக்கும்.

ரிலேயைச் சோதிக்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு. சுமை இல்லாமல் அளந்தால், கருகிப்போன தொடுமுனையும் முழு 120 வோல்ட்டைக் காட்டும். ஹீட்டரைச் செருகிய பிறகு அதே இடத்தில் வோல்ட் சட்டென்று விழுந்தால், குற்றம் தொடுமுனையிலோ இறுகாத திருகாணியிலோ இருக்கிறது. மின்வயர்களைத் தொட்டுச் செய்யும் இந்த அளவீட்டை, வீட்டு மின்வேலை தெரிந்தவர் மட்டுமே செய்ய வேண்டும். கிளாம்ப் மீட்டர் இருந்தால் இன்னும் பாதுகாப்பாகவும் விரைவாகவும் முடியும். மேற்சொன்ன 450 வாட் ஹீட்டருக்கு 3.75 அம்பியர் ஓட வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் காலையில் குளிர்ந்தே கிடந்தால், நான் முதலில் சந்தேகிப்பது இரவில் நேர்ந்த ஒரு கணநேர மின்தடையை. பல பெட்டிகள் மின்சாரம் போய் மீண்டும் வந்ததும் "ஓஃப்" நிலையிலேயே விழித்தெழுகின்றன. முன்பு போட்ட கட்டளை அவற்றின் நினைவில் இல்லை. இதை அறிய எளிய வழி, காலையில் கொட்டகைக்குப் புறப்படுமுன் நிலையைக் கேட்டு ஒரு குறுஞ்செய்தி அனுப்புவதாகும். இரவு "ஓன்" சொன்ன பெட்டி காலையில் "ஓஃப்" என்றால், மின்சாரம் இடையில் போயிருக்கிறது, அல்லது பெட்டியிலேயே சில மணிநேரத்துக்குப் பின் தானாக நிறுத்தும் நேரக்கணிப்பு இருக்கிறது. மின்சாரம் மீண்டதும் பழைய நிலைக்குத் திரும்பும் அமைப்பு சில பெட்டிகளில் உண்டு. ஹீட்டருக்கு அதைப் போட்டுக்கொள்ளலாம். மோட்டாருக்கு ஏன் கூடாது என்பதை அடுத்த கேள்வியில் காண்க.

இரண்டாவது கோளாறில், அதாவது பதிலே வராத நாட்களில், வரிசை தலைகீழாகிறது. இடையிடையே பதில் வருகிறது என்பதால் வலையமைப்பே மூடப்பட்டிருக்கும் சாத்தியத்தை விட்டுவிடலாம். கடுங்குளிர் நாட்களில்தான் இது நிகழ்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால், பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் மலிவான அடப்டரைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும். பெட்டிக்குள் இருந்து வலையமைப்போடு பேசும் தொலைபேசி மொட்யூல்கள் சீராக மின்சாரம் எடுப்பவையல்ல. 2ஜி முறையில் இயங்கும் மொட்யூல், செய்தி அனுப்பும்போது நொடிக்கு ஏறத்தாழ 217 தடவை, ஒவ்வொரு தடவையும் ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு, 2 அம்பியர் வரை இழுக்கும். 4ஜி மொட்யூல்களில் இந்த உச்சம் குறைவு. ஆனால் அங்கும் இழுப்பு துடிப்புத் துடிப்பாகவே இருக்கும். அந்தத் துடிப்புகளைத் தாங்குபவை அடப்டரிலும் பலகையிலும் உள்ள, மின்னைத் தேக்கிக் கொடுக்கும் மின்பகுப்புக் கொள்ளளவிகள். கடுங்குளிரில் அவற்றின் கொள்ளளவு குறைந்து உள்தடை கூடிவிடும். அப்போது மொட்யூல் கோபுரத்தைத் தேடத் தொடங்கிய உடனேயே வோல்ட் சரிந்து, அது அணைந்து மீண்டும் தொடங்கும். மீண்டும் தேடும், மீண்டும் அணையும். பெட்டியின் சிறுவிளக்கு ஒரு சீருக்கு வராமல் திரும்பத் திரும்ப ஆரம்ப நிலைக்கே போவது இதன் அடையாளம். தொலைபேசி திருத்தும் உங்களுக்கு இது புதிதல்ல. நல்ல தரமான, போதிய அம்பியர் கொடுக்கக்கூடிய அடப்டரை மாற்றி, மொட்யூலுக்கு மிக அருகில் 1000 மைக்ரோபரட் அளவில், உள்தடை குறைந்த கொள்ளளவி ஒன்றைச் சேர்க்கச் சொன்னால் அநேகமாகத் தீர்ந்துவிடும்.

குளிரோடு தொடர்பில்லை என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது அன்டெனா. தகரக் கொட்டகை வானொலி அலைகளை மறைக்கும் பெரிய பெட்டி. கதவு திறந்திருக்கும்போது கிடைக்கும் சிக்னல் மூடிய பின் கிடைக்காது. ஆகவே திறந்த கதவருகே நின்று சோதித்து "நன்றாக வேலை செய்கிறதே" என்று திரும்பி வருவதில் பயனில்லை. அன்டெனாவைக் கூரைக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். ஆனால் அதனுடன் வரும் மெல்லிய கேபிளை நீட்டிக்கொண்டே போனால், மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டெசிபெல் வீதம் சிக்னல் கேபிளிலேயே கரைந்துவிடும். மொட்யூலைக் கணினியுடன் இணைக்க முடிந்தால், சிக்னல் அளவைக் கேட்கும் சிஎஸ்க்யூ கட்டளைக்கு 0 முதல் 31 வரை ஓர் எண் வரும். 10க்குக் கீழே இருந்தால் நம்ப முடியாது. 99 என்றால் எதையும் அளக்கவே இயலவில்லை என்று பொருள்.

சிம் அட்டையின் நினைவகத்தையும் மறந்துவிடாதீர்கள். ஒரு சிம்மில் சில பத்துக் குறுஞ்செய்திகளுக்கே இடம் உண்டு. படித்த செய்திகளை அழிக்காத பெட்டியாயின், விளம்பரச் செய்திகள் வந்து வந்து அந்த இடம் நிரம்பிய நாளில் அடுத்த கட்டளை உள்ளே நுழைய இடமிருக்காது. சிம்மைக் கழற்றிச் சாதாரணத் தொலைபேசியில் போட்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இரகசிய எண் (PIN) பூட்டு போடப்பட்டிருந்தால் அதையும் நீக்கி, மீதிப் பணத்தையும் காலாவதித் திகதியையும் பார்த்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். அனுமதி பெற்ற இலக்கங்களுக்கு மட்டும் பணியும் பெட்டியில், இலக்கத்தை நாட்டுக் குறியீட்டுடன் பதிந்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். ஒரே இலக்கம் சில வேளை குறியீட்டுடனும் சில வேளை அது இல்லாமலும் வந்து சேரும்போது, பெட்டி ஒரு நாள் பணிந்து மறுநாள் மறுக்கும்.

ஹீட்டரை வாரக்கணக்கில் போட்டே வைத்தால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்று அவர் நினைக்கலாம். ஒயில் தொட்டியை மட்டும் இடைவிடாது சூடாக்கினால், ஒயிலில் கலந்திருக்கும் ஈரம் ஆவியாகி, மேலே குளிர்ந்திருக்கும் உருக்குப் பாகங்களில் படிந்து துருப்பிடிக்கச் செய்யும். லைகோமிங் எஞ்சின்களில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாப்ட் மேற்பகுதியில் இருப்பதால் அதற்குத்தான் முதற் சேதம். எஞ்சின் முழுவதையும் சமமாகச் சூடாக்கி, மூக்குப் பகுதியைப் போர்வையால் மூடி வைப்பவர்கள் இடைவிடாமல் போட்டு வைப்பதில் தீங்கில்லை என்று வாதிடுவதுண்டு. ஆயினும் பறப்பதற்கு முதல்நாள் இரவு போடுவதே மேல் என்று நான் நினைக்கிறேன். எஞ்சின் இளகிவிட்டதா என்று அறிய, கையால் புரொப்பெல்லரைச் சுற்றிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தால், உடனே நிறுத்தச் சொல்லுங்கள். எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மக்னீற்றோவின் நிலக்கம்பி அறுந்திருந்தால், சாவி மூடியிருந்தாலும் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றிக் கையை எடுத்துவிடும். சிலிண்டர் வெப்பநிலை காட்டும் கருவியைப் பார்த்தாலே போதுமானது.

பழைய பெட்டி 2022ஆம் ஆண்டில் அடியோடு நின்றது என்பதிலேயே அதன் காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் ஏடி அன்ட் டி நிறுவனம் 2ஜி சேவையை 2016ஆம் ஆண்டின் முடிவிலும், 3ஜி சேவையை 2022 பெப்ரவரியிலும் மூடியது. ஏனைய பெரிய நிறுவனங்களும் 2022ஆம் ஆண்டுக்குள் 3ஜியை மூடிவிட்டன. பெட்டியில் பழுது எதுவும் இல்லாமலேயே ஆயிரக்கணக்கான இத்தகைய சுவிட்ச்கள் ஒரே ஆண்டில் ஊமையாயின. அதை இங்கே வரவழைப்பதில் மூன்று தடைகள் உள்ளன. அங்கே பயன்படும் 850, 1900 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைகளுக்கு மட்டும் செய்யப்பட்டதாயின், 900, 1800 மெகாஹேர்ட்ஸைப் பயன்படுத்தும் நமது 2ஜி வலையமைப்பில் அது பதிவாகாது. 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்ட மின்பகுதியானால் நமது 230 வோல்ட்டில் செருகிய உடனே எரியும். சிம் பயன்படுத்தும் கருவிகளை இறக்குமதி செய்யத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும் வேண்டும். தபாற் செலவுக்கு உகந்த பொருளல்ல. புதிதாக வாங்குவதாயின் 4ஜியில் இயங்கும் பெட்டியையே வாங்குங்கள்.

கேள்வி: நான் கந்தப்பளையில் கரட்டும் லீக்ஸும் பயிரிடுகிறேன். பள்ளத்து ஓடையில் ஒரு குதிரைவலு மோட்டார் இருக்கிறது. சிம் சுவிட்ச் ஒன்றைப் பொருத்தி, வீட்டிலிருந்து மிஸ்ட் கோல் கொடுத்து இயக்குகிறேன். போன மாதம் நிறுத்தச் சொன்னபோது "ஓஃப்" என்று செய்தி வந்தது. நானும் உறங்கப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் மோட்டார் இரவு முழுதும் ஓடி, குழாயில் தண்ணீர் இல்லாமல் சூடேறிக் கிடந்தது. பெட்டி பொய் சொல்லுமா?
– வாசகர், கந்தப்பளை

பதில்: ஹட்டன் வாசகருக்குச் சொன்னதன் மறுபக்கம் இது. அங்கே சேர வேண்டிய தொடுமுனை சேரவில்லை, உங்களிடம் பிரிய வேண்டியது பிரியவில்லை. பெட்டி தன் சுருளை விடுவித்துவிட்டது, ஆகவே "ஓஃப்" என்றது. ஆனால் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டிருந்தன.

இதற்குக் காரணம் ரிலேயின் மேல் எழுதியிருக்கும் "10 அம்பியர்" என்ற எழுத்தை அப்படியே நம்பியதுதான். அந்த அளவு ஹீட்டர் போன்ற சுமைகளுக்கு உரியது. ஒரு குதிரைவலு மோட்டார் ஓடும்போது 5, 6 அம்பியர்தான் எடுக்கும் என்றாலும், தொடங்கும் கணத்தில் அதைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு, அதாவது 30 அம்பியருக்கும் மேல் இழுக்கும். நிறுத்தும்போது, சுருள்களில் தேங்கிய சக்தி தொடுமுனையில் பொறியாகத் தெறிக்கும். சிறிய ரிலே இதைச் சில மாதங்கள் தாங்கிவிட்டு ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். கந்தப்பளை போன்ற இடங்களில் மாலையில் எல்லோரும் விளக்கும் அடுப்பும் போடும் நேரத்தில் வோல்ட் தாழ்வாக இருந்தால், மோட்டார் வேகம் பிடிக்க அதிக நேரமெடுத்து, நிலைமை இன்னும் மோசமாகும்.

மோட்டாரைப் பெட்டி நேரடியாக இயக்கக் கூடாது. மோட்டார் சுமைக்கென்று தரப்படுத்தப்பட்ட, கொன்டக்டர் எனும் பெரிய ரிலே ஒன்றையும், அதனுடன் மிகைச்சுமையைக் கண்டால் துண்டிக்கும் ஓவர்லோட் ரிலேயையும் போட்டு, பெட்டியின் சிறு ரிலே கொன்டக்டரின் சுருளை மட்டும் இயக்குமாறு எலக்ட்ரீசியனைக் கொண்டு மாற்றுங்கள். கொன்டக்டரில் துணைத் தொடுமுனை ஒன்று இருக்கும். அதைப் பெட்டியின் உள்ளீட்டுடன் இணைத்து, அதைக் கொண்டே பதில் அனுப்புமாறு அமைத்துவிட்டால், இனி வரும் "ஓஃப்" என்பது பெட்டி இட்ட கட்டளையைப் பற்றிய செய்தியாக இல்லாமல், கொன்டக்டர் உண்மையில் விழுந்ததைப் பற்றிய செய்தியாக இருக்கும். மோட்டார் வயரைச் சுற்றிப் பொருத்தும் மின்னோட்ட உணரி இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் கொன்டக்டரின் பிரதான முனையே ஒட்டிக்கொண்டாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

தண்ணீர் வற்றினால் தானாக நிறுத்தும் மிதவையோ உணரியோ கட்டாயம் வேண்டும், அதுவும் சிம்மை நம்பாமல் கொன்டக்டரின் சுற்றிலேயே நேராக இருக்க வேண்டும். ஒரு மணிநேரத்துக்கு மேல் ஓடாதபடி நேரக்கணிப்பும் போடுங்கள். மின்சார சபையின் மின்சாரம் போய் வந்ததும் பழைய நிலைக்குத் திரும்பும் வசதியை மோட்டாருக்கு ஒருபோதும் இயக்கக் கூடாது. மின்தடை நேரத்தில் ஒருவர் குழாயைக் கழற்றிக்கொண்டோ விசிறியில் சிக்கிய சருகை எடுத்துக்கொண்டோ இருக்கக்கூடும்.

இரவு முழுதும் வறட்சியில் ஓடிய மோட்டாரை மீண்டும் இயக்குமுன், தண்ணீர் கசிவைத் தடுக்கும் சீலை மாற்றி, சுருளின் காப்பையும் சோதித்துக்கொள்ளுங்கள். ஓடைக்கரையில் ஈரத்தில் நிற்கும் மோட்டாருக்கு ட்ரிப் சுவிட்ச் இல்லையென்றால், சிம் பெட்டிக்கு முன் அதற்குச் செலவிடுங்கள்.

கேள்வி: மூடுபனி இறங்கும் நாட்களில்தான் எங்கள் பசுமைக்கூடத்தின் சிம் சுவிட்ச் பதில் தருவதில்லை. பனி சிக்னலைத் தடுக்கிறதா?
– வாசகி, ராகலை

பதில்: தடுப்பதில்லை. தொலைபேசிகள் பயன்படுத்தும் அலைவரிசைகளில் மூடுபனியாலும் மழையாலும் ஏற்படும் இழப்பு கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. ஆனால் மூடுபனி நாளும் பழுது நாளும் ஒன்றாயிருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிடவும் இயலாது. அன்டெனாவும் கேபிளும் சேரும் திருகு மூட்டில் ஈரம் புகுந்தால் சிக்னல் பாதியாகும். வெயில் வந்து உலர்ந்ததும் தானாகச் சரியாகிவிடும். மூட்டைக் கழற்றிப் பாருங்கள். செம்புக் கம்பி பச்சை பிடித்திருந்தால் அந்த முனையை வெட்டிப் புது முனை போட்டு, நீர் புகாத நாடாவால் இறுகச் சுற்றி, கேபிள் மூட்டை அடையுமுன் கீழ்நோக்கி வளைந்து மேலேறுமாறு கட்டுங்கள். பெட்டியே பசுமைக்கூடத்துக்குள் இருந்தால், விடியற்காலையில் பலகையின்மீது நீர் கோத்திருக்கும். அதைக் கூடத்துக்கு வெளியே, மூடிய பெட்டியில் வைப்பதே சரி.

இன்னொன்றையும் கவனியுங்கள். மலைச்சரிவுகளில் பெட்டி ஒரு கோபுரத்தை நேராகப் பார்ப்பது அரிது. இரண்டு மூன்று கோபுரங்களின் மங்கலான சிக்னல்களுக்கிடையே அது தாவிக்கொண்டிருக்கக்கூடும். மின்தடை நீளும்போது அருகிலுள்ள கோபுரத்தின் பற்றரி தீர்ந்தால், பெட்டி தொலைவிலுள்ள கோபுரத்துக்கு மாறும். அன்டெனாவை எதிர்மலையிலுள்ள கோபுரத்தை நோக்கி உயர்த்திக் கட்டினால் பெரும்பாலும் நிலைக்கும். ஒக்டோபர், நவம்பர் இடிமழைக் காலத்தில் உயரமாகக் கட்டிய அன்டெனாவுக்கு மின்னல் காப்பு அவசியம்.

கேள்வி: காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறங்கும் நீர்விமானங்களையும் நுவரெலியாவின் தைமாதக் குளிரில் இப்படிச் சூடாக்க வேண்டுமா?
– மாணவர், நோர்வூட்

பதில்: தேவையில்லை. அங்கே வந்துபோன செஸ்னா கரவன் வகை விமானத்தில் இருப்பது பிஸ்டன் எஞ்சின் அல்ல. அது விசைச்சுழலி (டர்பைன்) எஞ்சின், அதன் தேவைகள் வேறு. பிஸ்டன் எஞ்சினாகவே இருந்தாலும், நுவரெலியாவில் தேயிலைக் கொழுந்து கருகுமளவுக்கு நிலப்பனி உறையும் விடியற்காலைகளில்கூட, மேற்சொன்ன மறை 7, மறை 12 பாகை என்ற எல்லைகள் நமக்கு வெகுதூரம்.

கேள்வி: எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் டீசல் ஜெனரேட்டரில் நீரைச் சூடாக்கும் ஹீட்டர் ஒன்று எப்போதும் ஓடுகிறது. மின்கட்டணத்தைக் குறைக்க அதற்குச் சிம் சுவிட்ச் போடலாமா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: வேண்டாம். அவசர ஜெனரேட்டர் எந்த நிமிடத்தில் தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரியாது, ஆகவே அந்த ஹீட்டரை மணிக்கணக்கு முன்பாக யார் போடுவது? அதில் ஏற்கெனவே தேர்மோஸ்டாட் இருக்கும். கட்டணம் கூடுதலாக வருகிறதென்றால், தேர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு துண்டிக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் நீர் மட்டம் குறைந்து ஹீட்டர் வெறும் காற்றில் நின்றால் விரைவில் எரிந்துவிடும் என்பதால், வாரந்தோறும் நீர் மட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மிஸ்ட் கோல் கொடுத்து இயக்கினால் செலவில்லை. ஆனால் வேறு யாராவது என் மோட்டாரை இயக்கிவிட முடியுமா?
– வாசகர், வெலிமடை

பதில்: முடியும். சில பெட்டிகள் யார் அழைத்தாலும் பணிவதாகவே கடைக்கு வருகின்றன. உங்கள் சிம்மின் இலக்கத்துக்குத் தவறி வரும் அழைப்பு ஒன்றே போதும். அனுமதி பெற்ற இலக்கங்களைப் பதிந்து, மற்றவற்றை மறுக்குமாறு அமைப்பது முதல் வேலை. அழைக்கும் இலக்கத்தை மாற்றிக் காட்டும் தந்திரங்கள் உலகில் இருப்பதால் அதுவும் முழுப் பாதுகாப்பல்ல. கடவுச்சொல்லுடன் கூடிய குறுஞ்செய்தியால் இயக்குவது மேலானது. பெட்டியுடன் வந்த 1234 அல்லது 0000 போன்ற கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். மிஸ்ட் கோலில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரே அழைப்பால் போடவும் நிறுத்தவும் செய்யும் பெட்டியில், முதல் அழைப்பு போய்ச் சேர்ந்ததா என்ற ஐயத்தில் இரண்டாம் தடவை அழைத்தால், போட்டதை நீங்களே நிறுத்திவிடுவீர்கள். போடுவதற்கு ஒரு சொல்லும் நிறுத்துவதற்கு வேறு சொல்லும் உள்ள முறையில் எத்தனை தடவை அனுப்பினாலும் விளைவு ஒன்றுதான். அந்தச் சிம்முக்கு மாதம் சிறு தொகை ரீலோட் செய்யவும், அதன் இலக்கத்தை வேறெந்தக் கணக்குக்கும் கொடுக்காதிருக்கவும் மறவாதீர்கள்.